மாத்தி வைக்கச் சொன்னேன்

வலியசாலை
4 ஜூன் 2025, புதன்

ஸ்நேகாவுக்கு,

நான் ஃபோனை எடுப்பதில்லை என்று உன் அண்ணாவிடம் முறையிட்டாயாம். எடுக்கமாட்டேன். இங்கிருந்து கழக்கூட்டத்துக்கு ஒரு பஸ் ஏறினால் வந்துவிடலாம், இந்தத் தூரத்துக்கு மன்னியும் நாத்தனாரும் மெயிலில் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் ஊர் சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும். வாயால் சொன்னதால் வந்த வினை இது. இனி நமக்குள் எல்லாம் எழுத்தில்தான். எழுதி வைத்தால் 'நான் அப்படிச் சொல்லவில்லை, நீ இப்படிக் கேட்டாய்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

உனக்குத் தெரிந்ததையே மறுபடி சொல்கிறேன், பொறுத்துக்கொள். கோபத்தை ஆதியிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஆறும்.

'வாய் தவறி' என்று ஒரு பாட்காஸ்ட் ஆரம்பிக்கச் சொன்னதே நீதான். நம் ஊர்த் தமிழும் மலையாளமும் ஒன்றன் காலை ஒன்று வாரிவிடுகிற கதையெல்லாம் சொல்லுங்கள் மன்னி, உங்களுக்குத்தான் வரும் என்றாய். நான் பேசுவேன், நீ அதை வெட்டி ஒட்டி உலகத்துக்கு அனுப்புவாய். இரண்டு வருஷமாக நன்றாகத்தான் போயிற்று. ஏப்ரலில் மூன்று வீடு தள்ளி இருக்கிற சீதாலக்ஷ்மியின் கதையைச் சொன்னேன். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி வந்து இரண்டு மாசமே ஆகியிருந்த சமயம். அவள் புருஷன் அனந்த் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து காலை பத்து மணிக்குத் தூங்குகிறான். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் ஓ.டி.பி. கேட்கிறார், அது அனந்தின் ஃபோனில் இருக்கிறது. சேட்டன் எங்கே என்று அவர் கேட்க, இந்தப் பெண் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் 'சேட்டன் அகத்து தூங்கி' என்றாள். மலையாளத்தில் தூங்கினால் தூக்கில் தொங்கினதாக அர்த்தம். அந்த மனுஷன் சிலிண்டரைப் போட்டுவிட்டுக் கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. இதை நான் அவள் குரலிலேயே பேசிக் காட்டினேன். ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய்.

போன வாரம் சீதா வந்தாள். கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் வேலை கிடைத்திருக்கிறது என்று சர்க்கரையை என் வாயில் போட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "திங்கக்கிழமை சேரறேன் மாமி. அந்தக் கதையை மட்டும் எடுத்துடறேளா?" என்றாள். எம்.காம். படித்த பெண், முதல் உத்தியோகம். நான் சனிக்கிழமை உன்னைக் கூப்பிட்டு, 'அந்த சீதா எபிசோடை மாத்தி வைடீ' என்று சொன்னேன். நீயும் 'சரி மன்னி' என்றாய்.

திங்கட்கிழமை காலை அவள் பஸ் ஏறின நேரத்துக்கு அந்த எபிசோட் எல்லார் ஃபோனிலும் புதுசு மாதிரி மணியடித்துக்கொண்டு வந்து நிற்கிறது! ஒளித்து வைக்கச் சொன்னதற்கு நீ ஊர் கூட்டித் தண்டோரா போட்டிருக்கிறாய். நேற்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவள் ஆபீசில் யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள். இவள்தான் அந்த சீதா என்று கண்டுபிடித்தும் விட்டார்கள். 'தூங்கி' என்று பெயர் வைத்தாயிற்று. மூன்று மணிக்கு ஆட்டோவில் திரும்பி வந்தவள் என்னைப் பார்க்காமலே உள்ளே போனாள்.

உன்னிடம் எனக்கு மிகவும் கோபம். மழை பிடித்துவிட்டது, குடையை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாய். உன் அண்ணாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

மன்னி

*

கழக்கூட்டம்
5 ஜூன்

அன்புள்ள மன்னி,

குடை வந்தது. கூடவே டப்பாவில் மைசூர்பாகும் வந்தது. கோபக்காரர்கள் மைசூர்பாகு அனுப்புவதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் மாற்றி வைக்கச் சொன்னீர்கள். மாற்றி வைத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அந்த எபிசோடில் சீதாவின் பெயர் வருகிற இடத்தையெல்லாம் வெட்டினேன். வலியசாலையை எடுத்தேன். 'எங்கள் தெரு சீதா' என்பது 'ஒரு புதுப்பெண்' ஆயிற்று, அதற்கு உங்கள் பழைய எபிசோடுகளில் தேடி 'புதுப்பெண்' என்று நீங்கள் சொன்ன ஓர் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டினேன். பழையதை எடுத்துவிட்டு அதே இடத்தில் இதை வைத்தேன். நன்றாகச் செய்தோம், மன்னி சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

பிறகு நடந்தது நாங்கள் செய்து நடத்துகிற பாட்காஸ்ட் ஆப்பின் வழக்கம். ஒரு எபிசோடின் ஒலி மாறியிருந்தால், பேசியவர் ஏதோ தப்பைத் திருத்தியிருக்கிறார் என்று அது எடுத்துக்கொள்ளும். திருத்தியதைக் கொண்டுவந்து, அடுத்த திங்கட்கிழமை காலை மணியடித்துச் சொல்லும். அதை நான் மறந்துபோனேன். அது என் தப்புதான்.

ஆனால் ஆபீசில் அவர்கள் கேட்டது திருத்தியதை அல்ல. அதில் பெயரே கிடையாது. யாரோ ஏப்ரலிலேயே டவுன்லோட் செய்து வைத்திருந்த பழைய பிரதி அது. அதை ஏன் ஆப் அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். நாங்கள் அழிப்பதில்லை, மன்னி. வேலாயுதன் என்று ஒருவர் கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்க்கிறார். கப்பல் ஏறுமுன் மூன்று மாசத்துக்கு வேண்டியதையெல்லாம் ஃபோனில் இறக்கிக்கொண்டு போவார். அவர் கேட்கிற ஒரு நிகழ்ச்சிக்காரர்கள் தங்கள் ஃபீடில், அதாவது எங்களுக்கு நீட்டுகிற பட்டியலில், கடைசி ஐம்பதைத்தான் வைப்பார்கள். எங்கள் ஆப் அப்போது ரொம்பச் சமர்த்து. பட்டியலில் இல்லாததெல்லாம் வேண்டாதது என்று நினைத்துக்கொண்டது. ஏதோ துறைமுகத்தில் அவர் ஃபோனுக்குக் கொஞ்ச நேரம் சிக்னல் கிடைத்ததும் பழையது அத்தனையையும் துடைத்துவிட்டது. 'நான் கடலில் இருக்கும்போது என் வீட்டில் புகுந்து எடுத்துக்கொண்டீர்கள்' என்று எழுதினார். படித்ததும் வெட்கமாக இருந்தது. அன்றிலிருந்து இதுதான் எங்கள் கொள்கை. கேட்பவர் எடுத்து வைத்துக்கொண்டதில் நாங்கள் கை வைக்கமாட்டோம்.

உங்கள் கடிதம் கிடைத்ததும் ஃபீடிலிருந்து திருத்தியதையும் எடுத்துவிட்டேன். இனி புதிதாக யாருக்கும் கிடைக்காது. வைத்திருப்பவர்களிடம் இருப்பதை என்னால் எடுக்க முடியாது.

நானும் சீதாவுக்காகத்தான் மன்னி உட்கார்ந்து வெட்டினேன். அதை நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

ஸ்நேகா

*

வலியசாலை
8 ஜூன், ஞாயிறு

என் சமர்த்து ஸ்நேகா,

உன் கடிதத்தில் 'மாற்றி வைக்கச் சொன்னீர்கள், மாற்றி வைத்தேன்' என்று படித்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா? பார்த்தேளா, மாத்தி வைத்தேன் என்று வாய் கூசாமல் எழுதுகிறாள், ஆனால் எடுக்கவேயில்லையே என்று உன் அண்ணாவிடம் கத்தினேன். அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பேங்கில் முப்பது வருஷம் மலையாளத்திலும் தமிழிலும் திட்டு வாங்கினவர், அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "அவ ஏழு வருஷம் மெட்ராஸ்ல இருந்தவளாக்கும். மாத்தி வைன்னா அவளுக்கு வேற ஒண்ணை வைன்னு அர்த்தம். நீ சொன்னது மலையாளத்து மாத்தி வை" என்றார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சாப்பாட்டு மேஜையில் புஸ்தகம் கிடந்தால் 'அதை மாத்தி வை' என்போம் நாம், எடுத்து அப்பால் வை என்று அர்த்தம். இந்த வீட்டில் பிறந்தவள் உனக்குத் தெரியாதா என்று நான் நினைத்தேன். மன்னி சுத்தத் தமிழில் சொல்கிறார் என்று நீ நினைத்தாய். ஊரார் வாய் தவறினதையெல்லாம் இரண்டு வருஷம் மைக்கில் சொல்லிச் சிரித்தவள் நான். ஊருக்கு உபதேசம் பண்ணிக்கொண்டிருந்தேன், பார்த்தாயா. உன் அண்ணா நேற்றிலிருந்து என்னை எது கேட்டாலும், 'தமிழ்லயா மலையாளத்துலயா?' என்கிறார். காபி கேட்டால்கூட.

நீ உட்கார்ந்து வெட்டினதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் அவசரம். உன்னிடம் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். சீதா வியாழக்கிழமையிலிருந்து வேலைக்குப் போகவில்லை. சேர்ந்து நாலு நாள் ஆகுமுன் லீவு. ஸ்ரீவராகம் கோவிலுக்குக்கூட அவளாகப் போவதில்லை, கடையில் ஏதாவது வேண்டுமென்றால் அனந்த் போகிறான். வாயைத் திறந்தால் எந்த வார்த்தை எதுவாகுமோ என்று பயப்படுகிறாளாம்.

அதனால் உன் கொள்கையைக் கொஞ்சம் நகர்த்து. வேலாயுதன் வைத்திருந்தது வேலாயுதனுடையது, அதை நீ துடைத்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது சீதாவுடையது. யார் அலமாரியில் இருந்தாலும் சீதாவுடையதுதான். நான் அவளைக் கேட்காமல் எடுத்து ஊருக்கெல்லாம் விளம்பினேன். அதைத் திரும்ப வாங்கித் தரச் சொல்கிறேன். உன்னால் முடியும், எனக்குத் தெரியும். எல்லார் ஃபோனிலிருந்தும் அழித்துவிடு.

மன்னி

*

கழக்கூட்டம்
10 ஜூன்

அன்புள்ள மன்னி,

'மாத்தி வை' விஷயத்தைப் படித்து நானும் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுகை வந்தது. வீட்டுப் பாஷை எனக்கு மறந்துபோயிற்று என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்றுதான். மறக்கவில்லை. ஃபோனில் உங்கள் குரல் கேட்டால் நான் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்து இலக்கணமாகக் கேட்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னோடு ஆப் செய்கிற ஷிஜுவிடம் சொன்னேன். அவனுக்கு இது பெரிய விஷயமே இல்லை. உங்கள் ஒரு ஃபீடுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு எழுதினால் போதும், டீ குடித்து வருவதற்குள் எல்லாரிடமிருந்தும் போய்விடும் என்றான். 'செய்யட்டே?' என்று கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்று எழுதினால் நீங்கள் படித்து முடிக்கும்வரை என்னைத் திட்டக் கூடாது.

ஒரு எபிசோட் பட்டியலில் இல்லை என்றால் எங்களுக்குத் தெரிவது அந்த 'இல்லை' மட்டும்தான். இடம் போதாமல் பழையது உதிர்ந்திருக்கலாம். நிகழ்ச்சிக்காரர்கள் வேறு இடத்துக்குக் குடிபோயிருக்கலாம், அப்போது எல்லாமே மாயமாகிவிட்டுப் பத்து நாளில் திரும்பி வரும். இல்லையென்றால் உங்களைப் போல மனசு கேட்காமல் எடுத்திருக்கலாம். மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். இன்று என் மன்னிக்காக அழித்தால், நாளைக்கு யாராவது பெரிய ஆள் தான் சொன்னதைச் சொல்லவேயில்லை என்று சாதிக்க அழிக்கச் சொல்வார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? மன்னியைத் தவிர யாருக்கும் செய்வதில்லை என்றா?

இதையெல்லாம் நேற்று மத்தியானம்வரை தைரியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் ரெம்யா வந்தாள். என் ஃப்ளாட்டில் கூட இருக்கிற நெய்யாற்றின்கரைப் பெண், உங்கள் கையால் அடை சாப்பிட்டவள். தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும், "ஸ்நேகா, நின்றெ மன்னி எங்க ஆபீசில ஹிட்டாக்கும்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சீதா சேர்ந்த கம்பெனி ரெம்யாவின் கம்பெனி, மன்னி. திங்கட்கிழமை மணியடித்ததும் இவளுக்குப் பழைய ஞாபகம் வந்திருக்கிறது. தன்னிடமிருந்த ஏப்ரல் பிரதியைச் செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேஜையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டியிருக்கிறாள். என் சிநேகிதி செய்த ஆப், அவள் மன்னி பேசுகிறார் என்று பெருமை. மேஜையின் கடைசியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இருந்தது இவளுக்குத் தெரியாது. வேறு யாரோதான், 'நீயும் வலியசாலை, பெயரும் சீதாவல்லவா?' என்று கேட்டிருக்கிறார்கள்.

என் கொள்கை என் சமையலறையிலேயே உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் ரெம்யாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள், சாப்பிடவில்லை. யாரும் சொல்லாமல் தானே தன் ஃபோனிலிருந்து அதை அழித்தாள். எனக்கு அது ரொம்ப நேரம் மனசில் நின்றது.

இப்போதும் நாங்களாக அழிக்கக் கூடாது என்றுதான் நினைக்கிறேன். முன்னைப் போல நிம்மதியாக நினைக்க முடியவில்லை, அது வேறு. ஆனால் ரெம்யா செய்ததை மற்றவர்களும் செய்ய ஒரு வழி வைக்கலாமே என்று தோன்றுகிறது. பேசினவர் வேண்டுமென்றே ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொண்டால், அதை 'இல்லை' என்று விடாமல், 'எடுத்துக்கொண்டேன்' என்று தன் வார்த்தையில் சொல்லட்டும். பிரதி வைத்திருப்பவர் அதைக் கேட்கப் போனால் முதலில் அந்த வார்த்தை வரும். பிறகு, விட்டுக்கொடுக்கிறீர்களா, வைத்துக்கொள்கிறீர்களா என்று ஆப் கேட்கும். முடிவு அவருடையது. இது போதாது என்று எனக்கும் தெரிகிறது. போதுமா என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஸ்நேகா

*

வலியசாலை
12 ஜூன்

ஸ்நேகா,

திட்டுவதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவன் வைத்துக்கொண்டே இருப்பானே, திருடனிடம் சாவியைக் கொடுத்து, திறக்கிறாயா இல்லையா என்று கேட்கிற மாதிரி இருக்கிறதே என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதற்கு முன்னால் சீதாவைப் பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்று போனேன். போகாமல் இருந்திருந்தால் திட்டியிருப்பேன்.

காபி கொடுத்தாள். மழையைப் பற்றிப் பேசினாள். நானாக ஆரம்பித்தேன், ஆபீசில் சிரித்தவர்களைப் பற்றி நாலு வார்த்தை காரமாகச் சொன்னேன். அவள் டபராவை எடுத்துக்கொண்டே, "அவா சிரிச்சது போகட்டும் மாமி. நீங்க என் குரல்ல பேசிக் காட்டினேளே. நான் அப்படியா பேசறேன்?" என்றாள்.

 இல்லையம்மா என்று ஏதோ முனகினேன். அதில் நான் ஒரு மாதிரி மூக்கால் இழுத்துப் பேசினேன், ஞாபகமிருக்கிறதா? அவள் அப்படிப் பேசுவதே இல்லை. சிரிப்பு வரட்டும் என்று நான் சேர்த்தது அது. ஏப்ரலில் அவள் அதைக் கேட்டிருக்கிறாள், ஒன்றும் சொல்லாமல் என்னோடு பழகியிருக்கிறாள், சர்க்கரை கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அவள் லீவு போடுமுன் ஆபீசில் ரெண்டு பேர் அதே மாதிரி மூக்கால் இழுத்து அவளிடம் பேசினார்களாம். அந்தக் குரல் நான் செய்து கொடுத்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது அனந்த் சொன்னான், ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாளாம். திங்கட்கிழமை அனுப்பப் போகிறாளாம். வேண்டாம் என்று அவன் சொல்லிப் பார்த்துவிட்டான்.

எனக்குப் பயமாக இருக்கிறது ஸ்நேகா. என்னால் ஒரு பெண் வேலையை விட்டாள், வாயை மூடிக்கொண்டாள் என்றால் அப்புறம் எனக்கு மைக் எதற்கு? நீ எல்லார் ஃபோனிலிருந்தும் அதை அழித்தாலும் அவள் காதில் விழுந்தது விழுந்ததுதான் என்று எனக்கு இப்போது தெரிகிறது. உன்னை அழிக்கச் சொன்னது அவளுக்காக என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், என் தப்பு எங்கேயும் மிச்சமில்லாமல் போகட்டும் என்றுதான் பாதி கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது.

நீ சொன்ன வழியையே செய். சீக்கிரம் செய்.

மன்னி

*

கழக்கூட்டம்
14 ஜூன்

அன்புள்ள மன்னி,

செய்தாயிற்று. ஷிஜு இரண்டு நாள் வேறு வேலை பார்க்கவில்லை. எங்கள் இருவர் ஃபோனிலும் ரெம்யாவின் பழைய டேப்லெட்டிலும் போட்டுப் பார்த்தோம், சரியாக வருகிறது. மேலே என்ன தலைப்பு வைப்பது என்பதில்தான் சண்டை. 'நீக்கப்பட்டது' என்று அவன் எழுதியிருந்தான். யார் நீக்கினார், ஏன் நீக்கினார் என்று ஒன்றுமே சொல்லாத வார்த்தை, எதற்கெடுத்தாலும் ஆபீஸ் ஆபீசாக ஒட்டி வைக்கிறார்களே என்று எனக்குப் பிடிக்கவில்லை. 'சொன்னவர் திருப்பி எடுத்துக்கொண்டார்' என்று மாற்றினேன். கொஞ்சம் நீளம், இருக்கட்டும்.

அதற்குக் கீழே உங்கள் வார்த்தை வர வேண்டும். நாலைந்து வரிக்குள் எழுதுங்கள், ஃபோன் திரையில் அதற்குமேல் தெரியாது. உங்களுக்கு அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நாளை சாயங்காலத்துக்குள் வந்தால் திங்கட்கிழமை காலைக்குள் போய்ச்சேர்ந்துவிடும்.

ரெம்யா ஒன்று கேட்டாள். மன்னி ஏன் எழுத வேண்டும், அது அந்தப் பெண்ணின் கதையல்லவா என்று. எனக்கு இது தோன்றவேயில்லை. பேசினவர், கேட்பவர் என்று இரண்டே பேரை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஆப் கட்டிக்கொண்டிருக்கிறோம். யாரைப் பற்றிப் பேசினோமோ அந்த ஆளுக்கு அதில் ஒரு பட்டன்கூடக் கிடையாது.

நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி. நீங்கள் மைக்கை விடக் கூடாது மன்னி. நீங்கள் பேசாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இல்லை.

உங்கள் ஸ்நேகா

*

வலியசாலை
15 ஜூன், ஞாயிறு

என் ஸ்நேகா,

காலையில் குளித்ததும் நாலு வரி எழுத உட்கார்ந்தேன், நாற்பது வரி வந்தது. வெட்டி வெட்டி எட்டில் நிறுத்தினேன். மன்னிப்பு, வருத்தம், அறியாமை எல்லாம் அதில் இருந்தது. உன் அண்ணா படித்துவிட்டு, கவர்மெண்ட் அறிக்கை மாதிரி இருக்கிறது என்றார். ரெம்யா சொன்னதை மறுபடி படித்த பிறகு அதை எடுத்துக்கொண்டு சீதா வீட்டுக்கே போனேன்.

படித்துக் காட்டினேன். அவள் கடைசிவரை கேட்டாள். "இதுலயும் நீங்கதானே மாமி பேசறேள்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். நான் ஃபோனை மடியில் வைத்தேன். அனந்த் உள்ளே ஏதோ உருட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு அவளே கேட்டாள், அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று. இல்லாமல் என்ன, தூங்கி என்று சொன்னாய், அவர் கத்தினார், அனந்த் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தான், எல்லாரும் சிரித்தோம் என்றேன். அதற்கு நடுவில் என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வந்து ரெண்டு மாசம் ஆயிருந்தது மாமி. ஒருத்தர் பேரும் தெரியாது. அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, என்னை அழைச்சுண்டு போயிடுங்கோன்னு தினமும் அழுவேன். அன்னிக்கு கேஸ்காரர் கத்தினதும் எத்தனை பேர் ஓடி வந்தா! எதிராத்து மாமா பாதிக் குளியல்ல ஈரத் துண்டோட வந்தார். நீங்க தோசைக் கரண்டியோட வந்தேள். எல்லாரையும் தள்ளிண்டு முதல்ல உள்ள நுழைஞ்சது நீங்கதான். நுழையறதுக்கு முன்னாடி என்னைக் கட்டிண்டு, 'ஒண்ணுமில்லடி, நான் இருக்கேன்'னு சொன்னேள். ஒரு தப்பு வார்த்தைக்கு இத்தனை பேர் ஓடி வருவான்னா இந்த ஊர்லயே இருந்துடலாம்னு அன்னிக்குத்தான் தோணித்து. அம்மாவுக்கு அன்னிக்கு ஃபோன் பண்ணவேயில்லை. அதை ஏன் மாமி நீங்க சொல்லலை?"

நான் ஏன் சொல்லவில்லை? சத்தியமாக எனக்கு அது மறந்தேபோயிருந்தது ஸ்நேகா. கரண்டியோடு ஓடினதும் அவளைக் கட்டிக்கொண்டதும் அவள் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. சிரிப்பு வருகிற இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கீழே விட்டிருக்கிறேன். அவள் ஒரு வருஷமாக அந்த மற்றதைத்தான் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக் கூடத்தில் நான் அழுதேன், அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அனந்த் வெளியே வராமலே உள்ளேயிருந்து, "மாமி, நான் உயிரோடதான் இருக்கேன், அழாதீங்கோ" என்றான். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அவள் நன்றாகச் சிரித்தாள்.

ராஜினாமாவைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவளாகவே, நாளைக்கு எட்டு மணி பஸ் சரியாக வருமா மாமி, மழையில் தாமதமாகுமா என்று கேட்டாள். ஏழே முக்காலுக்கே போய் நில் என்றேன்.

என் எட்டு வரியை அவள் அழித்துவிட்டாள். என் ஃபோனை வாங்கித் தானே அடித்தாள். நான் எட்டிப் பார்க்கப் போனேன், கையால் மறைத்துக்கொண்டாள். கீழே இருப்பது அவள் எழுதியது. அப்படியே போடு.

மன்னி

'இந்தக் கதை பாதிதான். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. இதை வைத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம். முழுக்கதை வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், என் குரலில் சொல்கிறேன். மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட உட்காருவேன், பக்கத்தில் இடம் இருக்கும்.
சீதாலக்ஷ்மி, அக்கவுண்ட்ஸ்'